எனக்குத் தண்ணி காட்டிய திராட்சைக் கொடிகள்

மண்ணுக்குள் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதற்கும் மாதச் சம்பளம் கொடுப்பார்கள் என்பது இருபத்தாறு வயதுவரை எனக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசி. தாவரவியல் படித்துவிட்டு சிங்கப்பெருமாள் கோயிலில் சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று உங்களில் பலருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் "அப்புறம்?" என்பார்கள். அந்த "அப்புற"த்துக்குப் பயந்தே, செங்கல்பட்டில் இருந்த ஒரு சொட்டுநீர்க் குழாய்க் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். மேனேஜர் பெயர் குமரேசன். குழாய் போட்டால் எது வேண்டுமானாலும் விளையும் என்று நிஜமாகவே நம்பியவர். அதை நிரூபிக்க அவர் பிடித்த இடம், திருப்போரூருக்கும் கடற்கரைக்கும் நடுவில் இருந்த ஒரு திராட்சைத் தோட்டம்.

கடல் காற்று அடிக்கிற இடத்தில் திராட்சையா என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். தோட்டக்காரர் வரதராஜன் சார், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். தெற்கே எங்கேயோ கல்யாணத்துக்குப் போனவர், ஒரு திராட்சைப் பந்தலுக்கு அடியில் அரைமணி நேரம் நின்றிருக்கிறார். திரும்பி வந்ததும் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, நாற்பது பன்னீர் திராட்சைக் கொடிகளை ஏற்றிவிட்டார். எங்கள் ஏற்பாடு இதுதான்: கொடி வேர் பிடிக்கும்வரை எல்லாவற்றுக்கும் தண்ணீர். பிறகு இருபது கொடிக்குச் சொட்டுநீர். மீதி இருபதுக்கு மழை பெய்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இரண்டு பக்கமும் மண்ணின் ஈரத்தையும் கொடியின் தாகத்தையும் அளந்து எழுதுவது என் வேலை. தோட்டத்திலேயே குடியிருந்த காவல்காரர் தனபாலும் அவர் மனைவி செல்வியும் எனக்கு "ஈர சார்" என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் திருப்போரூர் டீக்கடைவரை பரவியது.

பூமிக்கு வைத்தியம்

மண் ஈரத்தை அளக்க ஒரு குழாய் உண்டு. அடியில் பீங்கான் முனை, உள்ளே தண்ணீர், தலையில் கடிகாரம் மாதிரி ஒரு முள். மண் காய்ந்தால் பீங்கான் வழியாகக் குழாயிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்ச முள் ஏறும். முள் மேலே போனால் வறட்சி, பூஜ்ஜியத்துக்கு வந்தால் நல்ல ஈரம். ஒரு அடி ஆழத்தில் ஒன்று, இரண்டு அடி ஆழத்தில் ஒன்று என்று வரிசைக்கு வரிசை புதைத்தோம்.

தனபால் கடப்பாரை பிடித்துக் குழி போட்டார். வியர்வை சொட்டச் சொட்ட நான் முள்ளைப் பார்த்து நோட்டில் எழுதுவதையும் பார்த்தார். இந்த மெஷின் இல்லாமல் மண்ணுக்குள்ளே என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியவே தெரியாது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு, போட்ட குழியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். உருண்டை நிற்காமல் பொலபொலவென்று உதிர்ந்தது.

"மேல காஞ்சிகீது, அடியில கொஞ்சம் ஈரம் கீது. உன் மெஷினு இன்னா சொல்லுதுன்னு சாயங்காலமா சொல்லு சார்" என்றார்.

பூஜ்ஜியம்

முதல் கோடை. மாசி முடிந்து பங்குனி பிறந்தது. தண்ணீர் விடாத இருபது கொடிகளின் பக்கம் முள் நாற்பது, அறுபது, எழுபது என்று ஏறிக்கொண்டே போனது. எண்பதைத் தாண்டியதும் திடீரென்று கீழே விழுந்து பூஜ்ஜியத்தில் நின்றுவிட்டது. ஒரு குழாய் இல்லை, எல்லாக் குழாயும். பூஜ்ஜியம் என்றால் என்ன? மண் சேறாக இருக்கிறது என்று அர்த்தம். அப்படித்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மேனேஜர் ஸ்கூட்டரில் பறந்து வந்தார். வந்ததும் வராததுமாக வரதராஜன் சாரிடம், "ரகசியமாத் தண்ணி விட்டிருக்கீங்க, டெஸ்ட்டையே கெடுத்துட்டீங்க" என்று கத்தினார். சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "முப்பத்திரண்டு வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்திருக்கேன். ஒருத்தன்கூட என்னைப் பார்த்துப் பொய்க் கணக்குன்னு சொன்னதில்லை. உங்க குழாயைப் பிடுங்கிட்டுப் போங்க" என்றார். என் வேலையும் அந்தக் குழாய்களோடு சேர்ந்து பிடுங்கப்படுகிற சத்தம் எனக்குக் கேட்டது. தப்புச் செய்யாமலே இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் நின்று திட்டு வாங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் என் நிலைமை உங்களுக்குப் புரியும்.

தனபால் மட்டும் போய் ஒரு குழாயின் மூடியைத் திருகி, கண்ணை வைத்து உள்ளே பார்த்தார். பிறகு அதை வெளியே பிடுங்கி எங்கள் முன்னால் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. மண் அவ்வளவு காய்ந்துபோய், குழாயிலிருந்த தண்ணீர் மொத்தத்தையும் இழுத்துக் குடித்துவிட்டிருந்தது. உள்ளே வெறும் காற்று. அதனால்தான் முள் விழுந்திருக்கிறது. மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். தனபால் குழாயை என் கையில் கொடுத்தார்.

"மெஷினே தாகத்துல செத்துப்போச்சி சார். மொதல்ல அதுக்குத் தண்ணி ஊத்து."

யாருக்கு மூச்சு வாங்குகிறது

மண்ணை மட்டும் நம்ப முடியாது என்று முடிவாகி, கொடியையே நேராகக் கேட்கும் கருவி ஒன்று வந்தது. உச்சி வெயிலில் ஒரு இலையைக் காம்போடு கிள்ளி, இரும்புக் குப்பிக்குள் வைத்து மூட வேண்டும். காம்பு நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே நைட்ரஜன் வாயுவை ஏற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் நுனியில் சாறு முத்து மாதிரி எட்டிப் பார்க்கும். கொடிக்கு எவ்வளவு தாகமோ, சாற்றை வெளியே கொண்டுவர அவ்வளவு அழுத்தம் வேண்டும். இதற்கெல்லாம் ஒரு கேஸ் சிலிண்டர். அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக ஜீப் கேட்டேன். மேனேஜர் பஸ் பாஸைக் காட்டினார்.

குழந்தையைப் போலச் சிலிண்டரைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு செங்கல்பட்டில் பஸ் ஏறினேன். துணி விலகியதுதான் தாமதம், பக்கத்து ஆள் "ஆக்சிஜன்" என்று கிசுகிசுத்தார். அந்த வார்த்தை கடைசி சீட்டுவரை போய்த் திரும்பி வந்தது. எழுந்து இடம் விட்டார்கள். ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். ஒரு அம்மா என் நெற்றியில் விபூதியே பூசிவிட்டார். நான் மறுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பஸ்ஸில் அதுவரை எனக்கு உட்கார இடம் கிடைத்ததே இல்லை.

பொட்டல் காட்டு ஸ்டாப்பில் நான் இறங்கியதும் கண்டக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "இங்க ஆஸ்பத்திரி இன்னா கீது? யாருக்கு சார் மூச்சு வாங்குது?" என்று கேட்டார். நான் குரலைத் தாழ்த்தி, திராட்சைக் கொடிக்கு என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அந்த அம்மாவைப் பார்த்தார்.

"சத்தம் போட்டுச் சொல்லாத சார். அந்தம்மா உனுக்கோசரம் முருகன்கிட்ட மொட்டையே வேண்டிகினு கீது."

மூலை மனை

தண்ணீர் விடும் வரிசைகளுக்கு நீலத் துணி, விடாத வரிசைகளுக்கு மஞ்சள் துணி என்று குச்சியில் கட்டி நட்டிருந்தோம். அந்த வருஷங்களில் திருப்போரூர்ப் பக்கம் தரையில் ஒரு குச்சி நட்டால் போதும், வாங்க ஆள் வந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் ஒரு குடும்பமே வந்து இறங்கியது. கூட வந்த புரோக்கர் தோட்டம் மாறி வந்துவிட்டார் என்பது அவருக்கே தெரியவில்லை. நீலத் துணி கட்டினது வித்துப்போச்சு, மஞ்சள் கட்டினது பாக்கி என்று வேகமாக விளக்கிக்கொண்டிருந்தார். நான் இலையைக் குப்பிக்குள் வைத்து மூடியிருந்தேன். பாதியில் எழுந்தால் அளவு போய்விடும். கையை மட்டும் ஆட்டினேன். அவர்களும் பதிலுக்குக் கையை ஆட்டினார்கள்.

வேலை முடித்து ஓடிப்போய், இது மனை இல்லை, திராட்சை, நீலம் என்றால் தண்ணீர் உண்டு, மஞ்சள் என்றால் மூன்று மாதமாகச் சொட்டுத் தண்ணீர் கிடையாது என்று மூச்சிரைக்கச் சொன்னேன். புரோக்கர் தலையைச் சொறிந்தார். குடும்பத்தலைவி மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினார்.

"பார்த்தீங்களா, இந்த ஒரு ஆள்தான் தண்ணி கஷ்டத்தை மறைக்காம சொல்றார். இவர்கிட்டயே கேளுங்க, நீலத்துல ஏதாவது மூலை மனை இருக்கான்னு."

மணலில் மூன்று வட்டம்

இரண்டாவது கோடையில் எனக்குப் பைத்தியம் பிடிக்கப் பார்த்தது. தாகமெடுத்த திராட்சைக் கொடியைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். நுனி வளராது. பற்றுக்கம்பிகள் துவளும். மத்தியானத்தில் இலைகள் வெயிலுக்கு முகம் காட்டாமல் தொங்கிவிடும், தொட்டால் சுடும். மஞ்சள் துணி கட்டிய இருபது கொடிகளில் பதினேழு இப்படித்தான் இருந்தன. கிணற்றுப் பக்கம் கடைசியாக இருந்த மூன்று மட்டும் நுனியைத் தூக்கிக்கொண்டு நின்றன. அங்கே முள் ஒரு வாரம் ஏறும், திடீரென்று இறங்கும். குழாயை மாற்றினேன். கருவியைக் கழற்றித் துடைத்தேன். கண்ணாடி போட வேண்டுமோ என்று கண் டாக்டரிடம்கூடப் போய் வந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, மூன்றாவது கொடியின் தூரில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மணலில் ஒரு வட்டம் தெரிந்தது. பக்கத்துக் கொடியின் அடியிலும் ஒன்று. அதற்கடுத்த கொடியிலும் ஒன்று. குடத்தை இறக்கி வைத்தால் விழுகிற வட்டம். நான் நிமிர்ந்தபோது செல்வி இடுப்பில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் தளும்பி அவள் கால் விரலில் விழுந்தது. "எத்தனை நாளா?" என்றேன். "போன வருசம் சித்திரையிலர்ந்து. வெள்ளிக்கிழமை வூடு கழுவ நாலஞ்சு நடை கூடப் போவேன். அப்ப ஆளுக்கு ஒரு கொடம்" என்றாள். தனபாலுக்குத் தெரியாதாம். தெரிந்தால் வேலை போய்விடும் என்று கத்துவாராம்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வருஷத்து நோட்டு! இந்த மூன்று கொடிகளைப் பற்றி நான் எழுதியதெல்லாம் பொய். இது தெரிந்தால் மேனேஜர் முதலில் தனபாலை விரட்டச் சொல்வார், அடுத்து என்னை. "தண்ணி விடக் கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்? நாற்பது கொடி இருக்கு, இந்த மூணு மட்டும் என்ன உசத்தி?" என்று கத்திவிட்டேன். அவள் குடத்தை இறக்கவில்லை, அழவும் இல்லை.

"கெணத்துலேர்ந்து வூட்டுக்குப் போற வழியில இதுங்க மூணுதான் சார் கீது. நான் ரொம்பின கொடத்தைத் தூக்கிகினு போறேன், இதுங்க தலையைத் தொங்கப் போட்டுகினு பாக்குது. எப்பிடி சார் தாண்டிப் போறது?"

மீதி

அந்த வாரம் மேனேஜர் வந்தார். அந்த மூன்று கொடிகளைப் பார்த்து, இது மட்டும் எப்படி என்றார். "அந்த மூலையில மண் வாகு வேற சார்" என்றேன். சொல்லும்போதே காது சூடானது. தனபால் தூரத்தில் பந்தல் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றும் தெரியாத அந்த மனிதரைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் ஒரு குடும்பம் தெருவுக்கு வரும். சொல்லாவிட்டால் என் நோட்டை நானே நம்ப முடியாது. வேலையில் இப்படி ஒரு நாளாவது உங்களுக்கும் வந்திருக்கும்.

கடைசியில் வரதராஜன் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். செல்வியை ஒன்றும் செய்துவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, அந்த மூன்று கொடிகளின் எண்களைச் சுற்றிக் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். இனி அவள் எப்போதும் போல ஊற்றட்டும், ஒரு குடம் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம், நீங்கள் அளந்து எழுதுங்கள் என்றார். தனபாலைத் தானே கூப்பிட்டுப் பேசிக்கொள்வதாகவும் சொன்னார்.

"நாற்பதை ரெண்டா வகுத்தா மீதி வராதுன்னு நினைச்சோம். மூணு வந்திருக்கு. மீதியை யாருக்கும் தெரியாம அழிக்கக் கூடாது சார், தனியா எழுதணும்."

மூன்று தட்டு

பழம் பறிக்கும் சமயத்தில் மேனேஜர் சுற்றுவட்டார விவசாயிகளை அழைத்து ஒரு விழாவே வைத்துவிட்டார். பந்தலுக்கு அடியில் பெஞ்சு, மைக், காராசேவு எல்லாம் தயார். அவர் திட்டப்படி இரண்டு தட்டு. முதல் தட்டில் குழாய்த் தண்ணீர் குடித்த கொடிகளின் பழம், கொத்துக் கொத்தாக, பார்க்கவே பளபளப்பாக. இரண்டாவதில் தண்ணீர் காணாத கொடிகளின் பழம், சுண்டைக்காய் அளவில், எண்ணிப் பார்க்கிற மாதிரி. பார்த்ததுமே எல்லாரும் குழாய் வாங்கிவிடுவார்கள் என்பது கணக்கு. பார்த்தார்கள். பிறகு, மேனேஜர் எதிர்பார்க்காத ஒரு காரியத்தைச் செய்தார்கள். தின்றார்கள்.

முதல் தட்டுப் பழம் தண்ணியாக, புளித்துக் கிடந்தது. கேட்டதற்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக் கொடியை இலையாகவே வளர்த்திருந்தோம். இரண்டாவது தட்டு சின்னதாக இருந்தாலும் தேனாக இனித்தது. சதுரங்கப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்த ஒரு லாரிக்காரர், நிலமும் வைத்திருப்பவர், விதையைத் துப்பிவிட்டு எழுந்தார். "அப்ப தண்ணி வுடாததுதான் நல்லா கீது. உன் கொழாய் இன்னாத்துக்கு அண்ணாத்த?" என்றார். மைக் வேறு பக்கத்தில் இருந்ததால் இது நாலு வயல் தள்ளிக் கேட்டது. மேனேஜர் முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு, நாளைக்கு ஆபீசுக்கு வராதே என்று அர்த்தம்.

அப்போது வரதராஜன் சார் மூன்றாவது தட்டைக் கொண்டுவந்து வைத்தார். செல்வியின் மூன்று கொடிகளின் பழம். முதல் தட்டு அளவு பெரியதில்லை, ஆனால் கொத்து நிறைந்து, இறுக்கமாக, நல்ல கறுப்பாக இருந்தது. லாரிக்காரர் ஒன்று தின்றார். அப்புறம் ஒரு கொத்தையே எடுத்துக்கொண்டார். "இதுக்கு எவ்ளோ தண்ணி?" என்றார். வாரத்துக்கு ஒரு குடம் என்றேன். "யாரு கணக்கு?" என்றார். பொய் சொல்ல அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை. எல்லாருக்கும் மோர் ஊற்றிக்கொண்டிருந்த செல்வியைக் காட்டினேன். ஒரு வருஷமாக நடந்ததை மைக்கிலேயே சொல்லிவிட்டேன். தனபால் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மேனேஜர்கள் ஏன் மேனேஜர்களாக இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஒரு மிடறு மோர் குடிக்கும் நேரம்தான் குமரேசன் திகைத்து நின்றார். அடுத்த நிமிஷம் மைக்கைப் பிடுங்கி, "இதைத்தான் நாங்க அளவான பாசனம்னு சொல்றோம்! குடம் தூக்க வேண்டாம், குழாயிலேயே இதே அளவைத் திறந்துவிடலாம்" என்று முழங்கினார். கைதட்டல். லாரிக்காரர் அங்கேயே தன் பெயரைக் கொடுத்தார், மாந்தோப்புக்குக் குழாய் வேண்டுமென்று. மேனேஜருக்கு உற்சாகம் தாங்கவில்லை. செல்வியைக் குடத்தோடு நிற்கவைத்துப் போட்டோ எடுக்கச் சொன்னார். வெறுங்குடத்தோடு நிற்க மாட்டேன் என்று அவள் கிணற்றுக்குப் போய் நிறைத்துக்கொண்டு வந்தாள். போட்டோ எடுத்து முடித்ததும், யாரும் தடுப்பதற்குள், அந்தக் குடத்தை மஞ்சள் வரிசையில் வாடிக்கொண்டிருந்த நாலாவது கொடியின் தூரில் கவிழ்த்தாள். "ஏம்மா, அது டெஸ்ட்டும்மா!" என்று மேனேஜர் அலறினார்.

"அதான் டெஸ்ட்டு முடிஞ்சி, தின்னுட்டு, போட்டோவும் பிடிச்சிட்டியே சார். இன்னும் இன்னாத்துக்கு அதுங்களைப் பட்டினி போடற?"

அடுத்த ஐப்பசி மழையில் அடிச்சாம்பல் நோய் வந்து, நீலம் மஞ்சள் பார்க்காமல் எல்லாக் கொடிகளையும் சாய்த்தது. வரதராஜன் சார் பந்தலைப் பிரித்துவிட்டுக் கொய்யா நட்டார். செல்வியைக் கம்பெனியே சம்பளம் கொடுத்து வேலைக்கு எடுத்துக்கொண்டது. புதிதாகக் குழாய் வாங்குகிற தோட்டங்களுக்குப் போய், எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று சொல்லித் தருகிற வேலை. என்னைவிட அவளைத்தான் எல்லாரும் கேட்டு அனுப்பச் சொன்னார்கள். தனபால் அவளை சைக்கிளில் கொண்டுவிட்டுக் கூட்டி வந்தார்.

மொத்தத்தில், அடுத்தவர் தோட்டத்து மண் வறண்டுவிடக் கூடாதே என்று மூன்று வருஷம் உச்சி வெயிலில் காவல் காத்ததில், என் முன்மண்டைதான் முழுசாகத் தரிசாகிப்போனது.